வந்தியத்தேவன் தேக்காவில் இறங்கினால்

ஏயூ, அதாவது பழைய கதை மாந்தர்களை வேறொரு உலகில் வைத்து ரசிகர்கள் எழுதும் மாற்று உலக ஃபேன்ஃபிக். அதை எழுதுகிற சிங்கப்பூர்க்காரர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். பெரும்பாலும் பொன்னியின் செல்வன்; நடுவில் சிலப்பதிகாரம் ஒன்று.

தெம்பனிஸிலிருந்து: அக்கா, வந்தியத்தேவனைச் சிங்கப்பூரில் டெலிவரி வேலைக்கு அனுப்பிவிட்டேன். குதிரைக்குப் பதில் பைக், ஓலைக்குப் பதில் வாட்ஸ்அப். ஆனால் படித்தவர்கள் எல்லாரும் "இவன் அவன் இல்லை" என்கிறார்கள். எங்கே சறுக்கினேன்?

பைக்கில் ஒன்றும் இல்லை, வாட்ஸ்அப்பில்தான் சறுக்கல். ஓலை வெறும் செய்தி இல்லை, தம்பி. தொலையும், திருடு போகும், இன்னொரு பிரதியும் கிடையாது. அதைச் சுமந்துகொண்டுதான் கடம்பூர் மாளிகையில் தங்கி, நள்ளிரவுச் சதியைக் கேட்கிறான். அதன்பிறகு அவன் விடுகிற கதைகளில் பாதி, கையில் இருப்பதைக் காப்பாற்ற விடுவது. வாட்ஸ்அப்பில் ஒரு தட்டுத் தட்டினால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அவன் வாய்க்கு வேலையே இருக்காது. வாய்க்கு வேலையில்லாத வந்தியத்தேவன் யாரோ ஒரு நல்ல பையன், அவ்வளவுதான்.

மூலக்கதையின் ஒரு பொருளை மாற்றும் முன் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: அது எந்தக் கதவைத் திறக்கிறது, அதனால் என்ன ஆபத்து வருகிறது, அது இருப்பதால் இவன் என்ன செய்ய நேர்கிறது. புதிய பொருள் மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, இளவரசன் ஆதித்த கரிகாலன் ஓலைக்குப் பதிலாகக் கொடுத்தனுப்புவது, அவன் அப்பா கையெழுத்திட வேண்டிய உயில் என்று வையுங்கள். இங்கே உயிலில் கையெழுத்திடும்போது 2 சாட்சிகள் ஒருசேர அருகில் இருக்க வேண்டும். சொத்து பெறப்போகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும், அவருடைய பங்கு மட்டும் போய்விடும். சதிக்குத் தலைமை தாங்கும் பழுவேட்டரையர் வீட்டில் இதை வைத்து என்னென்ன சூழ்ச்சி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஈசூனிலிருந்து: "தைரியசாலி, குறும்பன், விசுவாசி" என்று குணப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. அந்த மூன்றும் பாதித் தமிழ்க் கதாநாயகர்களுக்குப் பொருந்தும். குணத்தை வினைச்சொல்லில் எழுதுங்கள்: "இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்." வாசலில் தடுத்தால் திரும்பிப் போகமாட்டான், எப்படியாவது உள்ளே நுழைவான். குத்துப்பட்டுக் கிடக்கும் நண்பன் கந்தமாறனை விட்டுவிட்டு ஓடமாட்டான், தூக்கிச் சுமப்பான். இப்படி ஆறேழு வரி. ஒவ்வொன்றுக்கும் மூலக்கதையில் குறைந்தது 2 காட்சிகள் ஆதாரமாகக் கிடைக்க வேண்டும். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அது அந்த நேரத்து மனநிலையாகவும் இருக்கலாம். கடைசியாக, "செத்தாலும் செய்யாதது" என்று ஒரு வரி. குந்தவைக்கு அந்த வரி, சோழநாட்டை விட்டு வெளியே வாழ்க்கைப்பட்டுப் போகமாட்டாள் என்பது. அவளைச் சிராங்கூன் சாலையில் காப்பிக் கடை முதலாளி ஆக்குங்கள், தப்பில்லை. ஆனால் லண்டன் மாப்பிள்ளைக்காக அந்தக் கடையை அவள் விற்றால், பெயர் மட்டும்தான் குந்தவை.

ஜூரோங்கிலிருந்து: நந்தினியின் பழிவாங்கலை கார்ப்பரேட் கதையாக எழுதுகிறேன். கரிகாலன், வீரபாண்டியன் கம்பெனியை வாங்கி மூடிவிடுகிறான். நந்தினி ஏனோ சில்லறைத்தனமாகத் தெரிகிறாள்.

கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி தொடங்கலாமே! மூலத்தில் வீரபாண்டியனைக் கொல்ல வேண்டாம் என்று கரிகாலனிடம் அவள் கெஞ்சுகிறாள். கெஞ்சியும் அவள் கண்ணெதிரே வெட்டுகிறான். கெஞ்சல், கண்ணெதிர், திரும்பப் பெற முடியாமை: மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவள் கோபம் அளவுக்கு மீறியதாகத் தெரியும். வாள் வேண்டியதில்லை. கடலில் ஒருவன் விழுந்துவிட்டான், அவள் காலைப் பிடித்தும் கரிகாலன் படகைத் திருப்பவில்லை. துறைமுக ஊருக்கு இது போதும்.

அங் மோ கியோவிலிருந்து: கண்ணகியை இன்றைய வழக்கறிஞராக எழுதியிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே கோவலனைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் கேள்வி கேட்கிறாள். நண்பர்கள் ஓஓசி, அதாவது மூலத்தின் குணத்துக்குப் பொருந்தவில்லை என்கிறார்கள். வாய்திறக்காத கண்ணகிதான் வேண்டுமா?

தொழிலை மாற்ற வேண்டாம், அத்தியாயத்தை மாற்றுங்கள். புகாரில் அவள் அதிகம் பேசுவதில்லை. அதனால் பயந்தவள் என்று ஆகிவிடாது. சோமகுண்டம், சூரியகுண்டம் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள் தோழி தேவந்தி. அது தனக்குப் பெருமை இல்லை என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. மதுரையில் வெடிப்பது அவ்வளவு நாள் சேர்த்துவைத்த இந்த அழுத்தம்தான். முதல் பக்கத்திலேயே கத்திவிட்டால் மதுரையில் கத்துவதற்குக் குரல் எங்கே? உங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஊருக்காகப் பேசட்டும், வீட்டில் தனக்காகப் பேசாமல் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மன்னன். கோவலன் சாவது விசாரணை இல்லாமல். இங்கே அடகுக் கடைக்காரரே அடையாள அட்டையைப் பார்த்துப் பதிந்து சீட்டுக் கொடுக்கிறார். காவல்துறை, வழக்கு, மேல்முறையீடு எல்லாம் உண்டு. ஆகவே பாண்டியனை நீதிமன்றத்தில் தேடாதீர்கள். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லும் இடம் இன்றைக்குக் கைப்பேசித் திரை. அரை நிமிடக் காணொளி, "திருடன்" என்று ஒரு வரி, பொழுது விடிவதற்குள் வேலையும் போய்விடும் பெயரும் போய்விடும்.

அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் உயிர்விடுகிறான். இணையக் கூட்டம் அப்படி வெட்கப்படாது, அடுத்த காணொளிக்குப் போய்விடும். எனவே கூட்டத்துக்குள்ளிருந்து மனச்சாட்சியுள்ள ஒரே ஒருவரை வெளியே எடுங்கள்: காணொளியை முதலில் பகிர்ந்தவர், அல்லது அன்று மாலையே கோவலனை வேலையிலிருந்து நீக்கிய மேலாளர். கண்ணகி அவர் முகத்துக்கு நேரே நிற்கட்டும்.

சிலம்புக்குள் இருந்தது முத்தா மாணிக்கமா என்று காட்ட அவள் உடைத்தது தன் சொந்தச் சிலம்பை. சிசிடிவி காட்சி கிடைத்துவிட்டது என்று முடித்தால் அவள் எதையும் இழப்பதில்லை. தன் அந்தரங்கக் குறுஞ்செய்திகளை எல்லார் முன்னும் திறந்துகாட்டினால்தான் உண்மை நிரூபணமாகும் என்று வையுங்கள், அது சிலம்பு.

உட்லண்ட்ஸிலிருந்து: வந்தியத்தேவன் தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைச்சேவை செய்திருக்க வேண்டுமா? பேச்சில் சிங்கப்பூர் வழக்கான "லா" போடலாமா?

சிங்கப்பூரர் என்றால் செய்திருப்பான். முழுநேரம் 2 ஆண்டுகள். உங்களுக்கு அது வரப்பிரசாதம்: கரிகாலனோடு அவனுக்கு உள்ள பிணைப்பு படையில் வந்ததுதானே. "லா" போடுங்கள், ஆனால் அதை வைத்து ஆளை அடையாளம் காட்ட முயலாதீர்கள். ஒரு காட்சியில் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு மூலம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். 10 வசனத்தில் 7, 8 யாருடையது என்று சொல்லிவிட்டால் பேச்சு சரி. அதற்குக் கீழே என்றால் யார் கேள்வி கேட்கிறார், யார் கட்டளையிடுகிறார், யார் நழுவுகிறார் என்று மூலத்தில் எண்ணிப் பாருங்கள்.

பொங்கோலிலிருந்து: ஆழ்வார்க்கடியானுக்கும் பூங்குழலிக்கும் இங்கே இடம் உண்டா?

வீர வைஷ்ணவனான ஆழ்வார்க்கடியானுக்கு இந்த ஊரே தோதாக அமைந்திருக்கிறது. தைப்பூசக் காவடிகள் புறப்படுவது சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து, போய்ச் சேர்வது டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு. அந்தப் பெருமாள் கோயில் வாசலில் அவனை நிறுத்துங்கள். "முருகனே ஆனாலும் மாமன் வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும்" என்று வம்பு வளர்ப்பான். ஆனால் வம்பு ஒரு திரை, ஒற்று வேலைதான் அவன் பிழைப்பு. அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது கோமாளி.

படகோட்டும் பெண்ணான பூங்குழலியை சாங்கி முனையிலிருந்து உபின் தீவுக்குப் படகு ஓட்டவிடலாம். ஒரு கவனம்: அந்தப் படகுகள் 12 பேர் சேரும்வரை காத்திருக்கும், கலகலப்பான தொழில். அவளோ இருட்டில் தனியே கடலில் போகிறவள். கடைசி நடையை முடித்து வெறும் படகோடு திரும்பும் நேரத்தில் காட்சியை வையுங்கள்.

தோ பாயோவிலிருந்து: கல்வெட்டில் இருப்பதற்கு மாறாக எழுதினால் ஓஓசியா?

எது உங்கள் கேனன், அதாவது நீங்கள் ஏற்கும் மூலம், என்று முதலில் முடிவு செய்யுங்கள், மா. வந்தியத்தேவரும் குந்தவையும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறார்கள்; நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. கரிகாலன் கொலையில் உடையார்குடிக் கல்வெட்டு சிலரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. நாவல் அதை வேண்டுமென்றே மூடுபனியில் விடுகிறது. நாவலின் நந்தினியையும் கல்வெட்டின் கொலையாளிகளையும் ஒரே கதையில் வைத்தால், அவள் கையில் வாள் எதற்கு என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். முன்குறிப்பில் "நாவல் வழி" அல்லது "கல்வெட்டு வழி" என்று போட்டுவிடுங்கள், சண்டை பாதி குறையும்.