ஆண் ஈ ஆண் ஈயைத் துரத்துவது மரபணுக் கோளாறா?

தம்பி, மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் பிடித்து வளர்த்த பழ ஈக்களில் ஆண்கள் ஆண்களையே துரத்துகின்றன, இது ஆண் ஈ பெண்ணை நாடும் நடத்தையை இயக்குகிற ஃப்ரூட்லெஸ் மரபணுவில் வந்த மாற்றமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் துரத்தப்படுகிற ஈயை லென்ஸில் பாருங்கள். உடம்பு வெளுத்து, வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது சில மணி நேரத்துக்கு முன் கூட்டிலிருந்து வெளிவந்த குட்டி ஆண். அதன் உடல் வாசனையே வேறு; வளர்ந்த ஆண்கள் அதைச் சுற்றிவருவது சாதாரணம்.

ஃப்ரூட்லெஸ் ஆண், பெண் இரண்டிலும் உண்டு. அதிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் விதம்தான் வேறு. ஆணுக்குரிய புரதம் ஆணின் நரம்புகளில் மட்டுமே உருவாகும். பின்தொடர்வது, முன்காலால் தட்டுவது, ஒரு சிறகை நீட்டி அதிரவைத்துப் பாடுவது எல்லாம் அதைச் சார்ந்தவை. 2005-இல் வியன்னாவில் பெண் ஈக்களில் அந்த ஆண் வடிவத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை மற்றப் பெண்களைத் துரத்தின! படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, செய்ய வேண்டியது: வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் ஆண்களைப் பிரித்து, தனித்தனிக் குழாயில் 4 நாள் வையுங்கள். அப்புறம் ஒரே வயது ஆண்கள் இரண்டை விட்டுப் பாருங்கள். அறை 25 டிகிரி இருக்கட்டும்; நம்மூர் சித்திரை வெயிலில் ஆண்கள் மலடாகிவிடும். அப்போதும் விடாமல் துரத்தினால் எழுதுங்கள், மரபணுவைப் பற்றிப் பேசலாம்.