முதலில் அம்மாவின் பெயரை அதிலிருந்து எடுங்கள்

கேள்வி: எங்கள் சங்கம் பினாங்கில் ஒருநாள் தமிழ்க் கல்வி மாநாடு நடத்துகிறது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அழைப்பு போயிருக்கிறது. இன்னும் ஐந்து வாரம்தான். தன்னார்வலர்கள் 31 பேர் உழைக்கிறோம். தலைவர் எங்களை எதுவும் கேட்பதில்லை. நாங்கள் போட்ட பெற்றோர் கலந்துரையாடலை 90 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகக் குறைத்துவிட்டு, பொன்னாடை போர்த்த 22 பேர் பட்டியலைக் கொடுக்கிறார். ஏனென்று கேட்டால், "1966-இல் தனிநாயகம் அடிகள் மாநாடு நடத்தியபோது இப்படியா ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள்?" என்கிறார். காசோலையில் கையெழுத்துப் போடும் பொருளாளர் மகளோடு இருக்க ஜொகூர் போய்விட்டதால், பதிவுக் கட்டணம் தற்காலிகமாக என் அம்மாவின் கணக்குக்கு வருகிறது. அப்பாவின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்ஷன் மட்டும் வரும் கணக்குதான். வங்கிச் செயலியை என் கைப்பேசியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். 186 பேர், தலைக்கு 40 ரிங்கிட். ஒரு நகைக்கடை கொடுத்த 5,000-மும் அதிலேயே. மண்டப முன்பணம் 2,500, பைகளுக்கும் பதாகைக்கும் 1,380 போக எட்டாயிரத்துச் சொச்சம் இருக்கும். தம்பி வேறு புரியாமல் சத்தம் போடுகிறான். இந்த வாரமே எல்லாரும் ஒன்றாக விலகிவிடலாம் என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பேசி வருகிறோம். சுயமரியாதையோடு விலகுவது சரிதானே?
– பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம்

பதில்:

சரியில்லை, சகோதரி. உங்களால் இப்போது விலகவும் முடியாது.

உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்திலும் தலைவரின் பேச்சு, அவர் முகம் சுளித்தது, மேடையில் யாருக்கு நாற்காலி என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அம்மாவின் கணக்குக்கு ஒதுக்கியது இரண்டே வரி. சங்கங்களில் தலைவருக்கும் தொண்டர்களுக்கும் வரும் சண்டை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அதில் பாதிக்கு மேல் நாற்காலிச் சண்டை, மாநாடு முடிந்ததும் தானாக ஆறிவிடும். உங்களுடையது ஆறாது. அதில் ஒரு விதவைத் தாயின் பென்ஷன் புத்தகம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பதிவுக் கட்டணம் கேட்டு நீங்கள் போட்ட மாநாட்டுச் சுவரொட்டியை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள டூயிட்நவ் (உடனடிப் பணமாற்றச் சேவை) கியூஆரை ஸ்கேன் செய்தால் திரையில் சங்கத்தின் பெயரா வருகிறது? உங்கள் அம்மாவின் பெயர் வருகிறது. 186 பேரும் அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் பணத்தை அனுப்பினார்கள். நாளை மாநாடு தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, பணம் கட்டியவர்களில் ஒருவர் கோபத்தில் போலீஸில் புகார் எழுதினால் போதும், முதலில் தேடப்படுவது கணக்கின் சொந்தக்காரர். தலைவரின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இராது. மியூல் கணக்கு மோசடி, அதாவது மோசடிப் பணத்தைக் கைமாற்ற அடுத்தவர் கணக்கைப் பயன்படுத்துவது, பெருகியதால் 2024-இல் தண்டனைச் சட்டத்தையே திருத்தி, உரிய அதிகாரம் இல்லாமல் கணக்கை இன்னொருவர் கையில் கொடுப்பதையும், இன்னொருவர் கணக்கை வைத்துப் புழங்குவதையும் தனிக் குற்றங்களாக்கியிருக்கிறார்கள். மோசடிக்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம்தான். ஆனால் மாதம் ஒருமுறை பென்ஷன் மட்டும் வந்த ஒரு மூதாட்டியின் கணக்கில் திடீரென்று முன்பின் தெரியாத 186 பேர் நாற்பது நாற்பதாகப் போட்டால், சந்தேகப்படுவது வங்கியின் வேலை. விசாரணைக்காகக் கணக்கை முடக்கினால் மாநாட்டுப் பணத்தோடு பென்ஷனும் உள்ளே நிற்கும். அம்மாவின் மருந்துக்கு அந்த மாதம் யார் கொடுப்பார்கள், தலைவரா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மனம் கசந்தாலும். நாளைக்கு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கணக்கு அவருடைய சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். வாரிசுப் பத்திரம் கிடைக்கும்வரை நீங்கள் அதைத் தொட முடியாது. செயலி கையில் இருக்கிறதே என்று தொட்டால் அது வேறு குற்றம். அப்போது சோறு போடுகிறவருக்கு எந்தப் பணத்தைக் கொடுப்பீர்கள்?

தம்பி புரியாமல் பேசவில்லை. உங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். ஊருக்கு உழைப்பது பெரிய காரியம், உழையுங்கள். உங்கள் நேரத்தைக் கொடுங்கள், உங்கள் சொந்தப் பணத்தையும் கொடுங்கள். பெற்றவளின் பெயரை எடுத்து யாருக்கும் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அம்மாவிடம் கேட்டேன், சரி என்றார் என்பீர்கள். மகள் கேட்டால் எந்த அம்மா வேண்டாம் என்பாள்? அதனால்தான் கேட்டிருக்கவே கூடாது.

பொருளாளர் ஜொகூரில் இருக்கிறார் என்ற காரணத்தைத் தலைவர் சொன்னதும் நீங்கள் நம்பிவிட்டீர்கள். யோசித்துப் பாருங்கள், காசோலையில் கையெழுத்து எதற்குத் தேவை? பணத்தை வெளியே எடுக்க. உள்ளே போட யாருடைய கையெழுத்தும் வேண்டாம். சங்கத்தின் கணக்கு எண்ணைச் சுவரொட்டியில் அச்சடித்திருந்தால் 186 பேரும் முதல் நாளிலிருந்தே நேராக அங்கேயே போட்டிருப்பார்கள். வெளியே எடுப்பதும் பெரிய பாடில்லை. பொருளாளர் இன்னும் பதவியில்தானே இருக்கிறார். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி என்று நான்கைந்து பெரிய செலவுகளுக்குச் செயற்குழுத் தீர்மானத்தையும் பில்லையும் வைத்து, பெயரும் தொகையும் எழுதிய காசோலைகளை போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்பினால், அவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப ஒரு வாரம் தாராளம். வெற்றுக் காசோலையில் மட்டும் கையெழுத்து வாங்காதீர்கள். பொருளாளரை மாற்றலாம் என்று இப்போது இறங்கவும் வேண்டாம். அதற்குக் கூட்டம், குறிப்பு, ஆர்.ஓ.எஸ். (சங்கப் பதிவிலாகா) பதிவு, பிறகு கையெழுத்துக்காரர்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்கு நேரில் போவது என்று வேலை நீளும், ஐந்து வாரத்தில் முடியாது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றிரவே சுவரொட்டியிலிருந்து அந்தக் கியூஆரை எடுங்கள். முகநூலிலும் புலனக் குழுக்களிலும் பழைய படம் சுற்றும், ஆகையால் "இனி இந்தக் கணக்கில் போட வேண்டாம்" என்று எழுதிய புதுப் படத்தை அனுப்புங்கள். சங்கக் கணக்கு எண்ணுக்கு மாற்றும்போது, குறிப்புப் பகுதியில் தங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் வந்த நாற்பது ரிங்கிட் யாருடையது என்று கடைசி வாரத்தில் தேடிச் சாவீர்கள். பணம் கட்டியதற்கு ஆதாரமாகத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) அனுப்புவார்கள், அதை மட்டும் வைத்து டிக் போடாதீர்கள். அதைத் திருத்துவது இரண்டு நிமிட வேலை. வங்கி அறிக்கையில் வரி இருந்தால்தான் பணம் வந்ததாகக் கொள்ளுங்கள்.

பிறகு அம்மாவின் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கி, பதிவுப் பட்டியலோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். 186 பேர், தலைக்கு 40 என்றால் 7,440. நகைக்கடையின் 5,000 சேர்த்தால் 12,440. செலவு 3,880. மீதி 8,560 இருக்க வேண்டும். நீங்கள் "எட்டாயிரத்துச் சொச்சம்" என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொச்சம் எவ்வளவு? முதல் பதிவு வந்த நாளுக்கு முந்தின இரவு அம்மாவின் சொந்தப் பணம் எவ்வளவு இருந்தது? அதன்பின் எத்தனை பென்ஷன் வந்தது, அம்மா எவ்வளவு எடுத்தார்? இதைப் பிரித்து ஒரு தாளில் எழுதினால்தான் எந்த ரிங்கிட் யாருடையது என்று தெரியும். குறைந்தால் உங்கள் கைக்காசைப் போட்டு இன்றே நிரப்புங்கள். கூடினாலும் விடாதீர்கள், யாரோ இரண்டு முறை கட்டியிருப்பார். இந்தக் கணக்கைத் தம்பியை உட்கார வைத்துப் பாருங்கள், அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

கணக்கு முடிந்ததும் தலைவருக்கும் செயலாளருக்கும் கடிதம் எழுதுங்கள். புலனத்தில் வேண்டாம், கையெழுத்திட்ட கடிதம். "தனிநபர் கணக்கில் இருக்கும் 8,560 ரிங்கிட்டை இன்ன தேதியில் சங்கக் கணக்குக்கு மாற்றுகிறேன். விவரப் பட்டியலும் பில்களும் இணைப்பில். பெற்றுக்கொண்டதற்குச் சங்க ரசீது தேவை. செய்த 3,880 செலவைச் செயற்குழு ஏற்றதாகக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும்." ஏழு நாள் தவணை போதும். தொகையை ஒரே தடவையாக மாற்றுங்கள், துண்டு துண்டாக வேண்டாம். ரசீது வாங்கியதும் அம்மாவின் செயலியை உங்கள் கைப்பேசியிலிருந்து நீக்கி, அவர் கைப்பேசியிலேயே போட்டுக் கொடுங்கள்.

தலைவர் முகம் சுளித்தால் சங்கத்தின் சட்டவிதியைக் கையோடு எடுத்துப் போங்கள். பொருளாளர் கையிருப்பாக எவ்வளவு வைத்திருக்கலாம், காசோலையில் யார் யார் கையெழுத்து, எவ்வளவு தொகைக்கு மேல் தீர்மானம் வேண்டும் என்று பெரும்பாலான சங்கங்களின் விதியில் இருக்கும். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை ஆர்.ஓ.எஸ்.ஸுக்குப் போக வேண்டும். சங்க வங்கிக் கணக்கில் காலே வைக்காத 12,440 ரிங்கிட்டை அந்த அறிக்கையில் எங்கே காட்டுவார் என்று கேளுங்கள். உள்கணக்காய்வாளர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்களைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகளை இழுத்ததற்கும் பதில் சொல்லிவிடலாம். 1964 ஜனவரியில் புதுடில்லியில் அவர் முயற்சியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்தது. அதன் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் 1966 ஏப்ரலில் நடந்தது. முதலில் அமைப்பைக் கட்டினார்கள், பிறகுதான் மேடை போட்டார்கள். அங்கே படித்த கட்டுரைகள் தொகுதிகளாக அச்சேறி இன்றும் நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லிக் கணக்குக் கேட்பவரின் வாயை அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

இனி உங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறேன். கலந்துரையாடலைக் குறைத்தது தவறு, அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஒரு பொன்னாடைக்குப் பெயர் வாசிப்பு, மேடையேறுவது, படம் பிடிப்பது எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் என்றாலும் 22 பேருக்கு 44 நிமிடம். பறிபோன 60 நிமிடத்தின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. இதைக் கோபமாகச் சொல்லாமல் நிகழ்ச்சி நிரலில் நிமிடக் கணக்காக எழுதிச் செயற்குழுவில் வையுங்கள். ஐந்து பேருக்கு மேடையில் போர்த்தலாம், மற்றவர்களுக்கு மதிய உணவின்போது அவர்கள் மேசையிலேயே போர்த்தலாம். ஆனால் பெரியவர்களைக் கௌரவிப்பதே வீண் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்கவில்லை. தமிழ்ப்பள்ளிக்கு வாழ்நாளைக் கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கொடுப்பது நம் கடமை.

அதோடு ஒரே பக்கத்தில் அதிகாரப் பங்கீட்டை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தத் தொகைவரை தன்னார்வலர் குழு கேட்காமல் செலவழிக்கலாம் (200 ரிங்கிட் என்று வையுங்கள், பில் கட்டாயம்), நிகழ்ச்சி நிரலை எந்தத் தேதிக்குப் பின் யாருமே மாற்றக் கூடாது, சாப்பாட்டு எண்ணிக்கையைச் சொல்லும் ஒரே ஆள் யார். கடைசியில் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். தலைவர் 300 என்பார், நீங்கள் 220 என்பீர்கள். சமையல்காரர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு அதற்கே பில் போடுவார். மாநாட்டுக்கு மறுநாள் வெடிக்கும் சண்டை பெரும்பாலும் அந்தப் பில்லில்தான் தொடங்கும்.

விலகுவதைப் பற்றிக் கடைசியாக. 31 பேரில் 30 பேர் விலகலாம், அது அவர்கள் விருப்பம். பணம் மாறி ரசீது கைக்கு வரும்வரை நீங்கள் விலக முடியாது. அந்த 186 பேருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் வீட்டுப் பெயரில் இருக்கிறது. ஏழு நாள் கடந்தும் சங்கம் வாங்க மறுத்தாலோ, கடிதத்துக்குப் பதிலே வராவிட்டாலோ, இரண்டாவது கடிதம் எழுதிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பெற்றோர்களும் ஆசிரியர்களும் கட்டிய 7,440-க்கு முதல் இடம். 5,000 ரிங்கிட்வரை டூயிட்நவ் மாற்றலுக்குக் கட்டணம் கிடையாது, ஒவ்வொருவருக்கும் முழு நாற்பதையும் அனுப்பலாம். மிஞ்சும் 1,120-ஐயும் மண்டபம், பை பில்களையும் எடுத்துக்கொண்டு நகைக்கடைக்காரரை நேரில் போய்ப் பாருங்கள். மீதி 3,880 சங்கத்துக்காகச் செலவானது என்று எழுத்தில் கொடுத்து, சங்கத்துக்குப் போன இரு கடிதங்களின் பிரதியையும் கொடுங்கள். தம்பியையும் கூட அழைத்துப் போங்கள்.