வரையக் கற்றுக்கொள்ளும்போது தினமும் கோடும் வட்டமும் போட்டுப் பழகுவதால் உண்மையில் பயன் உண்டா?

உங்களுக்கு வயது 34, வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம், கோடு, வட்டம், பெட்டி தவிர வாத்தியார் எதையும் வரைய விடவில்லை, கோடு வேறு நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "பிடித்ததை வரையுங்கள், இதெல்லாம் வெட்டி வேலை" என்று ஒருவர் பதிலும் போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு சும்மா போக எனக்கு மனம் வரவில்லை.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன். 1988 போராட்டத்தின்போது பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது 15 வயது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அப்பா என்னைச் சித்தப்பாவின் போர்டு எழுதும் கடைக்கு அனுப்பினார். அங்கே எழுத்து வேலை முழுக்க ஒரு பர்மியப் பெரியவர் கையில். எல்லோருக்கும் அவர் 'சயா', அதாவது வாத்தியார்.

முதல் நாள் தகரத்தைத் தொடவே விடவில்லை. துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பிரஷும் ஒரு கட்டு பழைய பேப்பரும் கொடுத்து, "வலோன் போடு" என்றார். வலோன் என்பது பர்மிய 'வ' எழுத்து. முழு வட்டம், அவ்வளவுதான். பர்மிய எழுத்துகளில் பெரும்பாலானவை வட்டமும் வட்டத்தின் துண்டுகளுமாகத்தான் இருக்கும். வலோன் சரியாக வராதவன் கையில் போர்டு தர முடியாது.

நான் மெதுவாக, சின்னதாக, பார்த்துப் பார்த்துப் போட்டேன். எல்லாம் முட்டை. தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் ஒரு கொம்பு. சயா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு மூங்கில் பத்தையை என் உள்ளங்கை அடியிலிருந்து முன்கை வரை வைத்து, இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டார். மணிக்கட்டு மடங்கவில்லை. முழங்கையும் தோளும்தான் அசைந்தன. முதல் வட்டம் பேப்பரின் பாதியை அடைத்தது, ஆனால் அதில் நடுக்கம் இல்லை! அதுவரை பயத்தால்தான் கை நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன். மணிக்கட்டை மட்டும் வைத்து இழுக்கும் கோடு கொஞ்ச தூரத்திலேயே வளைய ஆரம்பிக்கும். அதைத் திருத்திக்கொண்டே போவதுதான் பேப்பரில் நடுக்கமாகத் தெரிகிறது. உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால் பழகும் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இரண்டு புள்ளி வையுங்கள். பேனா பேப்பரில் படாமல் இரண்டு மூன்று தடவை அந்த வழியில் கையை ஓட்டிப் பாருங்கள். பிறகு கண்ணைச் சேர வேண்டிய புள்ளியில் வைத்து ஒரே இழுப்பு. தப்பினால் தப்பட்டும், மேலே இன்னொரு கோடு போட்டு ஒட்டுப் போடாதீர்கள். வட்டத்தை நிற்காமல் இரண்டு சுற்று போடுங்கள். பென்சிலை விடப் பேனா நல்லது, அழிக்க வழி இருக்காது. ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இதில் சோறு சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆனால் வாத்தியார் வேறு எதையுமே வரைய விடவில்லை என்பது எனக்கும் ஒப்பவில்லை. பர்மிய மரபு ஓவியத்துக்கு அடிப்படை நான்கு: கனோ, நாரி, கபி, கஜ. கனோ என்பது கொடியும் பூவுமாக ஓடும் கோட்டு வேலை. மற்ற மூன்றும் நமக்குத் தெரிந்த சொற்களே: பெண், குரங்கு, யானை. மனித உருவம், துள்ளும் உடம்பு, கனத்த உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கோடு அங்கே ஏதோ ஒரு உருவத்தை நோக்கித்தான் போகிறது. சயாவும் ஒரு மாதத்துக்குள் என்னை டீக்கடை கிளாஸை வரைய வைத்தார். கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினால் வாய் ஒரு கோடாகத் தெரியும். இறக்க இறக்க நீள்வட்டம் விரியும். அடி வட்டம் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரிந்திருக்கும். புதிதாக வரைபவர்கள் அடியைத் தட்டையாக ஒரு கோடு இழுத்து முடித்துவிடுவார்கள். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் குடம், தூண், கை விரல் எல்லாம் பிடிபடும்.

சொல்லாமல் இருக்க முடியாத இன்னொன்று. இப்போது எல்லாம் பிளெக்ஸ். இங்கே ஒரு கோயில் திருவிழாவுக்கு அச்சடித்த பேனரில் தமிழ் எழுத்தெல்லாம் கலைந்து கிடந்தது. ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருந்தது, புள்ளிகள் இடம் மாறியிருந்தன. அடித்தவருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்லவில்லை. வாங்கி வந்து கட்டிய நம் ஆட்கள் நாலு பேருக்குமா கண்ணில் படவில்லை? இந்த ஊரில் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பார்க்கக் கிடைக்கும் இடமே கோயில்தான். அதையே பிழையாக மாட்டினால் அவர்கள் எதைப் பார்த்து எழுதுவார்கள்? கமிட்டியில் பேசினேன், "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள்.

சரி, ஸ்கேல் வைத்துப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போர்டில் எழுத்து வரிசைக்கு நாங்களும் சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்துத் தட்டித்தான் கோடு போடுவோம். அது அளவுக்கு. பழகும் நேரத்தில் ஸ்கேலை மேசையிலேயே வைக்காதீர்கள்.