கேளுங்கள்... சொல்கிறோம்

கேள்வி: அமெரிக்காவில் எம்.பி. இறந்துபோனால் கவர்னரே வேறு ஆளை நியமித்துவிடலாமாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். செனட்டர் (மேல்சபை உறுப்பினர்) பதவி என்றால், 1913-ல் வந்த 17-வது அரசியல் சட்டத் திருத்தப்படி, மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் கவர்னர் தற்காலிகமாக ஒருவரை உட்கார வைக்கலாம். கீழ்சபையான பிரதிநிதிகள் சபையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, இடைத்தேர்தல்தான்.

2022 மார்ச்சில் அலாஸ்கா மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டான் யங் இறந்தார். மாநிலத்துக்கே இருந்த ஒரே தொகுதி, 1973-லிருந்து அவர் கையில் இருந்தது. சும்மா விடுவார்களா? முதல் சுற்றுக்கு 48 பேர் குதித்துவிட்டார்கள், அதில் ஒருவர் பெயர் சான்டா கிளாஸ் (கிண்டல் இல்லை, சட்டப்படி மாற்றிக்கொண்ட பெயர், நார்த் போல் என்ற ஊரின் கவுன்சிலர்). அப்புறம் ஆகஸ்டில் நடந்த இறுதிச் சுற்றில், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையில், முன்னாள் கவர்னர் சாரா பேலினையே தோற்கடித்து ஜெயித்தார் மேரி பெல்டோலா. இத்தனை அமளியும் மிச்சமிருந்த நாலு மாசப் பதவிக்கு! நவம்பரில் பொதுத்தேர்தல் வந்ததும் மறுபடி ஓட்டுக் கேட்டுக் கிளம்பினார்.