செடி வரைய அஞ்சுகிறவர்களுக்கு: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியையின் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துச் செடிகொடிகளைப் பார்த்து வரைய ஆசைப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பள்ளியில் தாவரவியல் கற்பித்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். பென்சிலைப் பற்றிக் கேட்டவர்களைவிடப் பயத்தைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம்.

டீச்சர், எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிளஸ் டூவில் ரெக்கார்டு நோட்டுப் படங்களைக்கூடத் தோழிதான் வரைந்து கொடுத்தாள். எனக்கெல்லாம் வருமா? (பாலக்கோடு)

ரெக்கார்டு நோட்டில் யார் செடியைப் பார்த்து வரைந்தார்கள்? போன வருடத்து அக்காவின் நோட்டைப் பார்த்து வரைந்தோம். அந்த அக்கா அதற்கு முந்தைய அக்காவின் நோட்டைப் பார்த்திருப்பார். அதை வைத்து உங்கள் கையை எடைபோடாதீர்கள்.

இந்தக் கலையில் முதல் வேலை கண்ணுக்குத்தான். ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். சாலையோரப் புளியமரம் பூத்திருக்கும்போது கீழே உதிர்ந்த ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பாருங்கள். மூன்று இதழ்கள் பளிச்சென்று தெரியும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் ஓடும். மற்ற இரண்டு இதழ்கள் நூல்போலச் சிறுத்து அடியில் ஒளிந்திருக்கும். இதழ்களுக்கு வெளியே உறைபோல இருக்கும் புல்லிகள் நான்கு. மகரந்தம் தரும் தாள்கள் மூன்றே மூன்று. இவற்றை ஓரத்தில் எழுதிக்கொண்டு கோணல்மாணலாக வரைந்தாலும் அது புளியம்பூதான். ஐந்து இதழ்களையும் ஒரே அளவில் அழகாகப் போட்டால் அது வேறு ஏதோ பூ. எண்ணத் தெரிந்தவருக்கு முதல் நாளே பாதிப் பயம் போய்விடும். உங்களுக்கு எண்ணத் தெரியும்தானே?

அம்மா, நான் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பூவுக்குப் பஞ்சமில்லை. ரோஜாவில் தொடங்கலாமா? (ஓசூர்)

பூ வேண்டாம். அத்தனை அடுக்கு இதழ்களுக்குள் புகுந்தால் புதியவர் வழி தெரியாமல் திண்டாடுவார். ரோஜாவின் இலையில் தொடங்குங்கள். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், ரம்பப் பல் விளிம்பு, காம்பின் அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இலையடிச் செதில் இரண்டு. ஒரு வாரத்துக்கு இதுவே போதும்.

முதல் செடியாக எதை எடுப்பது? (அரூர்)

எருக்கு. இலை பெரியது, காம்பு கிட்டத்தட்ட இல்லை. கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும்; அடுத்த கணுவின் ஜோடி குறுக்காகத் திரும்பியிருக்கும். ஒடிக்காமல், செடியில் இருக்கும்போதே வரையுங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எருக்கு பிடிக்கவில்லை என்றால் ஆவாரை. அதன் இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற செதில் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

எச்பி பென்சில் ஒன்று, 2எச் ஒன்று, அழிப்பான், பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், கோடு போடாத நோட்டு. வண்ணப் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அக்கா, மாவிலை என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் வரையவே வரவில்லை. குட்டையாகி, வேறு இலை மாதிரி ஆகிவிடுகிறது. (காவேரிப்பட்டணம்)

குட்டையாகத்தான் தெரியும், தம்பி. மாவிலை நீளமானது என்று மனசு சொல்வதைக் கேட்டு நீட்டிவிடுகிறோம். பிறகு அது குட்டை என்று கண் சண்டை போடுகிறது. கண் பக்கம் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டி, பென்சிலில் அந்த இலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். முதலில் நடு நரம்பை மட்டும் ஒரே வளைவாகப் போடுங்கள். அது மடிப்புக்குள் மறைந்து மறுபக்கம் வெளிப்படும் இடம் தொடர்ச்சியாக இருக்கட்டும். விளிம்பு அதற்குப் பிறகு. இலைக்கும் இலைக்கும் நடுவே தெரியும் வானத்தின் துண்டையும் ஓர் உருவமாக நினைத்து வரைந்து பாருங்கள். பெயர் இல்லாத உருவத்தில் மனசு தலையிடாது.

உங்கள் ஊர்ப் பக்கம் பெங்களூரா மாங்காய்க்குக் குறைவில்லையே, அதன் கிளி மூக்கையும் ஒரு நாள் பிடியுங்கள்.

வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது. பறித்து வந்து வரையலாமா? (பென்னாகரம்)

வேலியோரமே உட்கார்ந்து வரையுங்கள். நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை கால்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைவதை எல்லாரும் வரைகிறார்கள். பூவின் நடுவே இருக்கும் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி நீள்வதையும், இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருள்வதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

காட்டுக்குள் போய் வரைய ஆசை. (தேன்கனிக்கோட்டை)

உங்கள் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, செடியைப் பறிக்கவும் கூடாது, யானையும் உண்டு. ஏரிக்கரையில் இருப்பதை முதலில் முடியுங்கள்.

போனில் படம் எடுத்தால் போதாதா? இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குதானே? (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்)

போன் ஒரு நொடியைத்தான் காட்டும். பூவையும், இரண்டு மாதம் கழித்து வரும் காயையும், பூவுக்குள் காயாக மாறும் சூலகத்தை வெட்டிய தோற்றத்தையும் ஒரே தாளில் வைக்க வரைபவரால்தான் முடியும். அடுத்து, சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படத் தொகுதிகளைப் பாருங்கள். பெயர் அவருடையது. அவருக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரும் நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார்.

ரோட்டோரம் எருக்கஞ்செடியின் முன்னால் உட்கார்ந்தால் மாந்திரீகம் செய்கிறாள் என்று சிரிக்கிறார்கள் டீச்சர். (காரிமங்கலம்)

வெள்ளெருக்கு, பிள்ளையாருக்கு என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் இலையை எண்ணலாம்.