துப்பாக்கி சேம்பருக்குள் வெடிமருந்து எரியும்போது வாயு ஏன் சுடுபவர் முகத்தில் அடிப்பதில்லை?

காரணம், வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் தோட்டாவின் பித்தளைக் கூடு. நம்மூர்ப் போலீஸார் பல காலம் சுமந்த .303 லீ என்ஃபீல்டு ரைபிளையே எடுத்துக்கொள்வோம். குழலின் பின்முனையில் தோட்டாவின் வடிவத்துக்கே குடைந்திருக்கும் இடம்தான் சேம்பர். தோட்டாவை உள்ளே தள்ளியதும் போல்ட் பின்னால் கதவுபோலப் பூட்டிக்கொள்ளும்.

விசையை இழுத்தால் ஊசி தோட்டாவின் அடியிலிருக்கும் சிறு தீமூட்டியான பிரைமரைக் குத்தும், மருந்து பற்றும். அது மிக வேகமாக எரிந்து வாயுவாகும்போது உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல 3,000 மடங்கைத் தாண்டிவிடும். அவ்வளவு அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பி, சேம்பர் சுவரோடு அப்பிக்கொள்ளும். பின்பக்கம் வழி அடைபட்டது! நகரக்கூடியது முன்னாலிருக்கும் குண்டு மட்டுமே. அது குழலைவிட்டுப் போனதும் அழுத்தம் விழும், பித்தளை கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் கூட்டைச் சுலபமாக உருவ முடிகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: தோட்டாவின் கூடே அடைப்பானும் ஆகிவிடுகிறது.

சரி, கூட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே இடைவெளி அதிகமானால்? கூடு பின்னோக்கி இழுபட்டுக் கிழியலாம், வாயு கசியலாம். இதைச் சரிசெய்யவே லீ என்ஃபீல்டின் நான்காம் எண் மாடலுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட, நீளத்தில் மயிரிழையளவு வேறுபடும் போல்ட் தலைகளை, அதாவது போல்ட்டின் முன்முனைத் துண்டுகளை, செய்தார்கள்.