காட்டுத்தீயில் வீடு இழந்தவர்களுக்கு முன்அனுமதி பெற்ற வீட்டு வரைபடங்கள் எப்படி உதவும்? அவற்றை எப்படி வடிவமைக்க வேண்டும்?

2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த ‘கேம்ப்’ என்ற காட்டுத்தீயில் 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் எரிந்தன. வீடிழந்த குடும்பங்கள் எல்லாம் தனித்தனி வரைபடத்தோடு வந்தால் கட்டட அனுமதி தரும் எந்த அலுவலகமும் திணறும். முன்அனுமதி முறையில் வீட்டின் கட்டமைப்பும் தீத்தடுப்பும் முன்கூட்டியே ஒரே ஒரு தடவை சரிபார்க்கப்படுகின்றன; அந்த வரைபடத்தைப் பலரும் பயன்படுத்தலாம். மண், சரிவு, கழிவுநீர், எல்லை இடைவெளி போன்றவற்றை மட்டும் மனைக்கு மனை பார்த்தால் போதும். உடனே கட்டத் தொடங்கிவிட முடியாது. ஆனால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

வடிவமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எரிந்த மனைகளின் அகலத்தை. குறுகிய மனைகள் நிறைந்த ஊரில் அகன்ற வீட்டின் வரைபடம் எத்தனை அழகாக இருந்தாலும் வீண்.

அடுத்தது கங்கு. பெரும்பாலான வீடுகள் காற்றில் பறந்து வரும் கங்குகளால்தான் பற்றிக்கொள்கின்றன. ஆகவே எளிதில் தீப்பற்றாத கூரை, சன்னமான உலோக வலை பொருத்திய காற்றுத்துளைகள், சருகு தங்கும் மூலைகள் இல்லாத எளிய கூரை வடிவம் ஆகியவை வேண்டும். சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. செலவைக் காட்டி இவற்றில் கைவைக்கவே கூடாது என்பேன்.

முகப்பு மாற்றங்களுக்கும் இடவலம் திருப்பிய அமைப்புக்கும் சேர்த்தே அனுமதி வாங்குங்கள். தெரு முழுவதும் ஒரே வீடாகத் தெரியாது. காப்பீட்டுப் பணம் போதாதவர்கள் சிறிதாகக் கட்டிக் குடியேறி, பிறகு அறைகளைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய வரைபடம் ஒன்றாவது பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.